பெயர் யாருக்கு உரியது?

மனிதன் தன் வாழ்நாள் முழுவதும் உடன்கொண்டு செல்லும் உடைமைகளுள் அவன் தானே தேடிக்கொள்ளாத ஒன்று பெயர். அதனை அவனுக்கு இட்டவர்கள் பிறர். அவனைக் காட்டிலும் மிகுதியாக அதனை எடுத்து வழங்குபவர்களும் பிறரே. அவன் மறைந்த பின்னும் அது சில காலம் நின்று வாழ்கிறது. அவ்வாறாயின், பெயர் உண்மையில் யாருக்கு உரியது? அதனைச் சுமப்பவனுக்கா, அதனை விட்டுச்சென்ற முன்னோருக்கா, அல்லது ஏட்டில் அதனைப் பதிந்து வைக்கும் அரசுக்கா?

பெயர் வெறும் அடையாளக் குறியே என்று கூறி இவ்வினாவைத் தள்ளிவிடுவோர் உளர். குறிதான் என்றால், ஒரு மக்களின் பெயர்களை மாற்றுவதற்குச் சட்டம் இயற்ற வேண்டிய தேவை ஓர் அரசுக்கு ஏன் எழுந்தது? பெயரே மனிதனின் உயிர் என்று கூறுவோரும் உளர். உயிர்தான் என்றால், ஒரே பெயரைத் தாங்கிய இருவர் ஒன்றுக்கொன்று முரணான செயல்களைச் செய்தது எங்ஙனம்? இவ்விரு கூற்றுகளையும் உரைத்துப் பார்க்க ஏற்றதொரு வரலாறு அயர்லாந்து நாட்டில் உண்டு. அது 'ஓ பிரையன்' என்னும் குடும்பப் பெயரின் வரலாறு.

பெயரனின் பெயர்

ஐரோப்பாவில் வழிவழி வரும் குடும்பப் பெயர்கள் மிகப் பழங்காலத்திலேயே வேரூன்றிய நாடுகளுள் அயர்லாந்தும் ஒன்று. பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளிலேயே அங்கு அவ்வழக்கம் நிலைபெறத் தொடங்கிவிட்டது. அப்பெயர்களுள் பெரும்பாலானவை இரண்டு முன்னொட்டுகளுள் ஒன்றைக் கொண்டிருக்கும். 'மாக்' என்பது மகன் எனப் பொருள்படும். 'ஓ' என்பது பெயரன், வழித்தோன்றல் எனப் பொருள்படும். தமிழில் பேரன் என்று நாம் வழங்கும் சொல்லின் திருந்திய வடிவம் பெயரன் என்பதாகும். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். ஐரிஷ் மொழியின் 'ஓ' என்னும் ஓரெழுத்தை விளக்க இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

ஓ பிரையன் என்றால் பிரையனின் பெயரன். அந்தப் பிரையன், அயர்லாந்து வரலாற்றில் பிரையன் போரு எனப் புகழ்பெற்ற அரசன். நாட்டின் மேற்குப் பகுதியில், ஷானன் ஆற்றின் அருகே வாழ்ந்த சிறியதொரு குடியில் தோன்றியவன். 976ஆம் ஆண்டில் தன் தமையன் கொல்லப்பட்ட பின் அக்குடியின் தலைமையை ஏற்றான்; தென்பகுதியான மண்ஸ்டரைத் தன் ஆட்சிக்குள் கொணர்ந்தான்; 1002ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் பேரரசனாக ஏற்கப்பட்டான். 1014ஆம் ஆண்டில் டப்ளின் நகருக்கு அருகில் கிளான்டார்ஃப் என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில் அவனுடைய படை வென்றது. ஆயினும் முதியவனான அவன் அன்றே கொல்லப்பட்டான். அவனுடைய மகன் ஒருவனும், அம்மகனின் மகனும் அதே களத்தில் வீழ்ந்தனர். எஞ்சிய மக்களின் வழியே குடி தழைத்தது. பிரையனின் உண்மையான பெயரனாகிய டர்லோ, 1086ஆம் ஆண்டில் இறக்கும்போது ஓ பிரையன் என்பது குடும்பப் பெயராக உருப்பெற்றிருந்தது.

இங்கே சற்று நின்று எண்ணத்தக்க உண்மை ஒன்றுண்டு. ஓ பிரையன் என்னும் பெயருக்கு மூலமான பிரையனுக்கு அப்பெயர் இல்லை. அவனுக்குத் துணைநின்ற புகழ்மிக்க பாட்டன் எவனும் இல்லை. அவன் தன் செயலால் பெயரை உண்டாக்கினான். அவன் வழிவந்தோர் அப்பெயரால் தம்மை உயர்ந்தவராக்கிக் கொண்டனர். பெயரைப் படைத்தவனுக்கு உழைப்பும், அதனைப் பெற்றவர்களுக்குப் பெருமையும் என்று பங்கீடு நிகழ்ந்துவிட்டது. குடிப்பெருமை என்பதில் மறைந்துகிடக்கும் அறச்சிக்கல் இதுவே. தான் செய்யாத செயலுக்கு ஒருவன் பெருமை கொள்ளலாமா? கொள்ளலாம் என்றால், தான் செய்யாத தீமைக்கு அவன் நாணவும் வேண்டாவா?

ஒரு குன்றும் இரு செயல்களும்

இவ்வினாவுக்குக் கேஷல் என்னும் குன்று விடை கூறுகிறது. தென் அயர்லாந்தின் சமவெளியில் தனித்து நிற்கும் இப்பாறைக் குன்று நெடுங்காலம் மண்ஸ்டர் அரசர்களின் இருக்கையாக விளங்கியது. 1101ஆம் ஆண்டில், பிரையனின் கொள்ளுப்பெயரனான மூர்ஹர்டாக் ஓ பிரையன் என்னும் அரசன், அரசிருக்கையாகிய அக்குன்றைத் திருச்சபைக்கு உரிமையாக்கினான். தன் குடியின் ஆட்சிக்கு அடையாளமாக நின்ற இடத்தையே இறைவழிபாட்டுக்குக் கொடுத்துவிடுவது எளிய செயலன்று.

ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தன. 1647ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் அதே குன்றின் அடியில் ஒரு படை வந்து நின்றது. இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் பக்கம் நின்று போரிட்ட அப்படையின் தலைவன் மரோ ஓ பிரையன், இஞ்சிகுவின் பிரபு. அவனும் பிரையன் போருவின் நேர் வழித்தோன்றலே. குன்றின் மேலிருந்த கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்திருந்தவர்களுள் வீரரும் இருந்தனர், குருமாரும் இருந்தனர், எளிய மக்களும் இருந்தனர். படை உள்ளே புகுந்தது. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அவன் சென்ற வழியெங்கும் எரியூட்டிச் சென்றதனால், 'எரியூட்டிய மரோ' என்னும் பொருளில் மக்கள் அவனுக்கு ஐரிஷ் மொழியில் ஓர் அடைமொழி சூட்டினர். 

கொடுத்தவனும் ஓ பிரையன். கொளுத்தியவனும் ஓ பிரையன். குருதியும் ஒன்று, குன்றும் ஒன்று. இதனினும் தெளிவாக வரலாறு ஓர் உண்மையை உரைக்க இயலாது. பெயர் தன்னைத் தாங்குபவனை நல்லவனாக்குவதில்லை. முன்னோன் ஈட்டிய புகழ், வங்கியில் இட்ட பணத்தைப் போல வழித்தோன்றல் விரும்பியபோது எடுத்துச் செலவிடத்தக்கதும் அன்று. பிறந்தபோது மரோவுக்கு மூர்ஹர்டாக்கின் பெயர் கிடைத்தது; மூர்ஹர்டாக்கின் உள்ளம் கிடைக்கவில்லை. மக்கள் அவனுக்குச் சூட்டிய அடைமொழியைப் பாருங்கள். பிறப்பால் வந்த பெயரை அவர்கள் மறுக்கவில்லை. அதனோடு அவன் செயலால் தேடிய பெயரையும் சேர்த்து எழுதினர். அவ்வளவே.

பறிக்கப்பட்ட பெயர்கள்

பெயரைக் கொண்டு பெருமை பேசியவர்களின் நிலை அதுவாக, பெயரை இழந்தவர்களின் நிலை வேறு. டப்ளினைச் சூழ்ந்திருந்த ஆங்கில ஆட்சிப் பகுதியில் 1465ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. டப்ளின், மீத், லௌத், கில்டேர் ஆகிய நான்கு மாவட்டங்களில் ஆங்கிலேயரிடையே வாழும் ஐரிஷ் மக்கள் அனைவரும் ஆங்கிலேயரைப் போல உடுத்தல் வேண்டும். ஆங்கிலக் குடும்பப் பெயர் பூணுதல் வேண்டும். எத்தகைய பெயர்? ஓர் ஊரின் பெயராகலாம்; வெள்ளை, கறுப்பு, பழுப்பு என ஒரு நிறத்தின் பெயராகலாம்; கொல்லர், தச்சர் என ஒரு தொழிலின் பெயராகலாம்; சமையற்காரர் முதலிய ஒரு பணியின் பெயராகலாம். பூண மறுப்போரின் பொருள்கள் ஆண்டுதோறும் பறிமுதலாகும்.

பாட்டனின் பெயரைச் சொல்லி வாழ்ந்த மக்களை நிறத்தின் பெயரையும் தொழிலின் பெயரையும் பூணச் செய்த இச்சட்டத்தின் நோக்கம் விளங்காததன்று. பாட்டனை மறந்தவன் பாட்டனின் நிலத்தையும் மறப்பான் என்பதே அந்நோக்கம். பெயர் வெறும் குறியே என்போர் இச்சட்டத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெயரின் ஆற்றலை அதனைச் சுமந்தவர்களைக் காட்டிலும் அதனைப் பறிக்க முயன்றவர்கள் நன்கறிந்திருந்தனர்.

அச்சட்டம் ஓடிய எல்லை சிறிது. பின்வந்த நூற்றாண்டுகளில் எந்தச் சட்டமும் இன்றியே பெயர்கள் உதிரத் தொடங்கின. பதினேழாம் நூற்றாண்டின் போர்களுக்குப் பின் நிலமும் பதவியும் ஆங்கிலம் பேசுவோர் கைக்குப் போயின. ஐரிஷ் பெயரோடு நின்றவனுக்குக் கதவுகள் திறக்கவில்லை. 'ஓ', 'மாக்' என்னும் முன்னொட்டுகளைப் பல குடும்பங்கள் விட்டுவிட்டன. கொல்லனின் மகன் எனப் பொருள்படும் 'மாக் கவன்' என்ற பெயர், வடபகுதியில் காவன் மாவட்டத்தில் 'ஸ்மித்' என மொழிபெயர்க்கப்பட்டது. சில பெயர்கள் பிழையாகவும் பெயர்க்கப்பட்டன. கால்வே பகுதியில் 'மாக் கொன்ரீ' என்னும் பெயரின் ஈற்றொலி, அரசனைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லைப் போல ஒலித்ததனால், அக்குடும்பத்தார் ஆங்கிலத்தில் 'கிங்' ஆயினர். அரசனோடு அப்பெயருக்கு எத்தொடர்பும் இல்லை.

1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு ராபர்ட் மேத்சன் என்னும் அரசு அலுவலர் அயர்லாந்தின் குடும்பப் பெயர்களைக் கணக்கிட்டார். மர்ஃபி முதலிடம் பெற்றது. ஐந்தாம் இடத்தில் ஏறத்தாழ 33,700 பேருடன் ஸ்மித் நின்றது. ஆறாம் இடத்தில் 33,400 பேருடன் ஓ பிரையன் நின்றது. அந்த ஸ்மித்துகளுள் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழியினரும் இருந்தனர். ஒரு காலத்தில் மாக் கவன் ஆக இருந்தவர்களின் வழியினரும் இருந்தனர். பெயரைப் பார்த்து யார் எவர் எனப் பிரித்தறிய இயலாது.

பெயரை மாற்றிக்கொண்ட மாக் கவன் குற்றவாளியா? இதற்கு விரைந்து விடை கூறுதல் கூடாது. தன் மக்கள் பசியின்றி வாழ வேண்டும் என்பதற்காகப் பெயரில் ஒரு பகுதியை விட்டவனைக் கோழை என்று இகழ்வது, வயிறு நிறைந்தவனுக்கு எளிது. அச்சத்தால் விட்டவன் இரங்கத்தக்கவன். குற்றம் வேறோரிடத்தில் இருக்கிறது. தானும் விட்டு, விடாத அண்டை வீட்டானை நாகரிகம் அறியாதவன் என எள்ளி நகைத்தவனிடத்தில் அது இருக்கிறது. பெயரை இழப்பது இழப்பு மட்டுமே. பெயரை இகழ்வதே இழுக்கு. 

இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். ஸ்மித் என்னும் பெயர் இழிந்ததா? இரும்பைக் காய்ச்சி ஏர்முனையும் குதிரை லாடமும் செய்தவனின் பெயர் அது. மாக் கவன் என்றாலும் ஸ்மித் என்றாலும் அதன் பொருள் உழைப்பே. அரசனின் பெயர் உயர்ந்தது, கொல்லனின் பெயர் தாழ்ந்தது என்று எண்ணுவோமாயின், 1465ஆம் ஆண்டின் சட்டத்தை இயற்றியவர்களின் மனப்பான்மையையே நாமும் கைக்கொண்டவர் ஆவோம். அச்சட்டத்தின் தீமை தொழிலின் பெயரைச் சூட்டியதில் இல்லை. கேளாமல் சூட்டியதில் இருந்தது.

மீட்கப்பட்ட பெயர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காற்று திசை மாறியது. 1892ஆம் ஆண்டில் டக்ளஸ் ஹைட் என்னும் அறிஞர் டப்ளினில் ஆற்றிய உரையில், ஐரிஷ் மக்கள் தம் மொழியையும் பெயர்களையும் கைவிட்டுவருவதைச் சுட்டிக்காட்டினார். மறு ஆண்டில் ஐரிஷ் மொழியை மீட்பதற்கெனக் கேலிக் கழகம் தோன்றியது. அந்த ஹைட், பின்னர் 1938ஆம் ஆண்டில் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவராக அமர்ந்தார். உதிர்ந்த முன்னொட்டுகள் மீண்டும் ஒட்டிக்கொண்டன. சலிவன் என்னும் பெயருடையோருள் 1866ஆம் ஆண்டில் நூற்றுக்கு நால்வரே 'ஓ' சேர்த்து எழுதினர். 1944ஆம் ஆண்டில் அவ்வாறு எழுதியோர் நூற்றுக்கு அறுபதின்மர். 

மீட்பு எப்போதும் உண்மையோடு பொருந்தி நிகழவில்லை. கிளேர் மாவட்டத்துக் கோர்மன் குடியினரின் பழம்பெயர் 'மாக்' என்னும் முன்னொட்டைக் கொண்டது. ஆனால், பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் புகழ்பெற்று வாழ்ந்த அக்குடியினர் ஒருவர் தம்மை 'ஓ கோர்மன்' என அழைத்துக்கொண்டார். பின்னாளில் முன்னொட்டை மீட்க விரும்பிய ஏனைய கோர்மன்கள் அவரைப் பின்பற்றி 'ஓ' சேர்த்துக்கொண்டனர். இழந்தது ஒன்று, மீட்டது மற்றொன்று. பழம்பெருமையைத் தேடுவோர் ஆர்வத்தை மட்டும் துணைக்கொண்டால் போதாது. ஆராய்ச்சியும் வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

இதற்கு மாறாக நின்றவர் எட்வர்ட் மாக் லைசட். லைசட் என்று வழங்கிய தம் குடும்பப் பெயரோடு 'மாக்' என்பதைச் சேர்த்துக்கொண்ட இவர், 1943ஆம் ஆண்டில் அரசின் குடிமரபு அலுவலகத்திற்குத் தலைவரானார். 1957ஆம் ஆண்டில் ஐரிஷ் குடும்பங்களைப் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அவருடைய பெயரின் ஐரிஷ் மூலத்திற்கு அயலான் ஒருவனின் மகன் என்பது பொருள். அயர்லாந்துக் குடிகளின் பெயர்களையெல்லாம் ஆய்ந்து தொகுத்தவரின் பெயரிலேயே 'அயலான்' உறைகிறான்! இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அயர்லாந்தில் பரவலாக வழங்கும் வால்ஷ் என்னும் பெயருக்கு வேல்ஸ் நாட்டிலிருந்து வந்தவன் என்பது பொருள். பர்மிங்காம் என்னும் நார்மன் குடியினரோ ஐரிஷ் வழக்கப்படி 'மாக்' சேர்த்துப் புதுப்பெயரே பூண்டனர். ஆங்கிலேயராய் வந்தவர்கள் இவ்வாறு ஐரிஷ்காரர் ஆகிவிடாமல் தடுப்பதற்காகவே 1366ஆம் ஆண்டில் கில்கென்னி நகரில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதுவும் பெயரைப் பற்றிப் பேசியது. பெயர் குருதியின் சான்றிதழ் அன்று. ஒரு மண்ணில் வந்து வாழ்ந்து, அம்மண்ணின் மொழியில் அழைக்கப்பட இசைந்தவர்களின் உடன்பாடு என்றே அதனைக் கொள்ளல் வேண்டும்.

இரு பெயர்களையும் சுமந்தவர்

கொல்லனின் பெயரையும் அரசனின் பெயரையும் ஒருங்கே தாங்கிய ஒருவரை அயர்லாந்து மறக்கவில்லை. அவர் வில்லியம் ஸ்மித் ஓ பிரையன். 1803ஆம் ஆண்டில் பிறந்தவர். தந்தை வழியில் பிரையன் போருவின் கால்வழியினர். ஸ்மித் என்பது தாய்வழிப் பாட்டனிடமிருந்து வந்த பெயர். பெருநிலக்கிழார் குடியில் தோன்றி, இலண்டன் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்த அவர், வாளாவிருந்திருந்தால் வளமாக வாழ்ந்து மறைந்திருப்பார். 1845ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் கண்டு, மக்கள் பசியால் மாளத் தொடங்கிய காலம் அது. 1848ஆம் ஆண்டில் டிப்பரேரி மாவட்டத்தில் எழுந்த கிளர்ச்சிக்கு அவர் தலைமை தாங்கினார். கிளர்ச்சி தோற்றது. அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது நாடுகடத்தலாக மாறி, இன்று டாஸ்மேனியா எனப்படும் தொலைத்தீவுக்கு அவர் அனுப்பப்பட்டார். 1856ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி, 1864ஆம் ஆண்டில் மறைந்தார்.

அவருடைய கிளர்ச்சி அறிவுடைய செயலா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அவர் பெயரைப் பயன்படுத்திய முறையில் வேறுபாட்டுக்கு இடமில்லை. பிரையனின் பெயரனாகப் பிறந்ததை அவர் உரிமைப் பத்திரமாகக் கொள்ளவில்லை. பசித்த மக்களுக்குத் தாம் பட்ட கடனாகக் கொண்டார். முன்பு எழுப்பிய வினாவுக்கு இங்கே விடை கிடைக்கிறது. தான் செய்யாத செயலுக்கு ஒருவன் பெருமை கொள்ளலாமா? அதற்கு ஈடான கடனை ஏற்பானாயின், கொள்ளலாம். கடனை ஏலாதவனுக்குப் பெருமையும் இல்லை. 

எழுதுகோல் பிடித்தவரின் அறம்

பெயரைச் சுமப்பவனின் கடமை அதுவாயின், பெயரை எழுதுபவரின் கடமை யாது? 1905ஆம் ஆண்டில் டப்ளின் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. டொனிகால் மாவட்டத்தைச் சேர்ந்த நீல் மாக் கில்ல பிரீட என்னும் எளிய மனிதர், தம் வண்டியில் தம் பெயரை ஐரிஷ் எழுத்தில் எழுதியிருந்தார். வண்டியில் உரிமையாளரின் பெயர் படிக்கத்தக்கவாறு இருத்தல் வேண்டும் என்பது சட்டம். அவர் பெயர் அவ்வாறு இல்லை என்று கூறி அவருக்குத் தண்டம் விதிக்கப்பட்டிருந்தது. மேல்முறையீட்டில் அவருக்காக வாதாடியவர்களுள் ஒருவர் பட்ரிக் பியர்ஸ். பின்னர் 1908ஆம் ஆண்டில் இருமொழிப் பள்ளி ஒன்றை நிறுவி ஆசிரியராகப் பணியாற்றி, 1916ஆம் ஆண்டின் எழுச்சிக்குப் பின் சுட்டுக்கொல்லப்பட்டவர் அவரே. மேல்முறையீடு தோற்றது. தன் நாட்டில், தன் வண்டியில், தன் பெயரைத் தன் மொழியில் எழுதியவனுக்குத் தண்டம் உறுதியாயிற்று. அக்காலத்தில் அயர்லாந்தின் தலைமை நீதிபதியாக வீற்றிருந்தவரின் பெயர் பீட்டர் ஓ பிரையன் என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

1831ஆம் ஆண்டு முதல் தோன்றிய அரசுப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி. வீட்டில் தாய் ஒரு பெயரால் அழைத்த குழந்தையை வருகைப் பதிவேடு வேறொரு பெயரால் அழைத்தது. அதனைச் செய்த ஆசிரியர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்களுள் பலர் அம்மக்களுள்ளிருந்தே வந்தவர்கள். வழக்கம் எப்படியோ அப்படி எழுதினர். ஆயினும், சட்டம் செய்யத் தவறியதை அவர்களுடைய வழக்கம் செய்து முடித்தது.

2021ஆம் ஆண்டில் அயர்லாந்து நாடாளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியது. ஐரிஷ் மொழியில் தம் பெயரை வழங்குவோரின் பெயரை, உயிரெழுத்தின் மேல் இடப்படும் நீட்டல் கோடும் விடுபடாமல், அரசு அமைப்புகள் உள்ளவாறே எழுதுவதற்கு அத்திருத்தம் வழி செய்தது. 1465ஆம் ஆண்டில் ஒரு முழுப் பெயரைப் பறிக்கச் சட்டம் எழுந்த தீவில், ஒரு சிறு கோட்டைக் காக்கச் சட்டம் எழுந்தது. இடையில் கழிந்த காலம் 556 ஆண்டுகள்.

ஆகவே, பெயர் யாருக்கு உரியது? முன்னோர் அதனைத் தந்தனர்; அவர்கள் அதனைத் திரும்பப் பெற இயலாது. அரசு அதனைப் பதிகிறது. பதிவதனால் அது அரசின் உடைமை ஆகாது. சுமப்பவனுக்கே அது உரியது. ஆனால், தனக்குப் பின் வருபவனிடம் ஒப்படைக்கும் வரையில் காத்துத் தரவேண்டிய அடைக்கலப் பொருளாகவே அது அவனுக்கு உரியது. அதில் கறை படியாமல் காப்பது அவன் கடன். பிறரோ அதனைச் சிதைக்காமல் வழங்கக் கடமைப்பட்டவர்கள்.

புதிய ஆண்டின் முதல் நாளில் வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியர் பதிவேட்டை விரித்து முதற்பெயரைப் படிக்கிறார். அப்பெயரைச் சரியாக எழுதியிருக்கிறோமா, சரியாக ஒலிக்கிறோமா என்று அந்த மாணவனிடமே ஒருமுறை கேட்டுத் தெளிவதற்கு அரை நிமிடம் போதும். கேளாமல் சூட்டுவது தவறு என்பதை அயர்லாந்து பல நூற்றாண்டுத் துன்பத்தால் கற்றது. ஆசிரியருக்கு அது அரை நிமிடத்தில் கைகூடும் அறம்.